நெயில் பாலிஷ் போட்ட போல்ட்

சலவைக் கூடத்தில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஏழு பேர் மேல் சந்தேகம் உண்டு.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். முகம் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவர் கட்சி. துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் விடுதி விடுதியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. கூடத்தில் எண்ணிக் கட்டிய மூட்டையை வாசலில் ஒரு தடவை எண்ணுவார், விடுதிக்குப் போனதும் இன்னொரு தடவை எண்ணுவார். பத்து நிமிட ஓட்டத்தில், ஓடுகிற வண்டியிலிருந்து, ஒரு தலையணை உறையை மட்டும் யார் உருவப்போகிறார்கள் என்று கேட்டால், "அப்படி நினைக்கிறவங்ககிட்டதான் உருவுவாங்க" என்பார். டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். ஊசி போட வந்த நர்ஸிடம் மருந்துக் குப்பியின் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். அந்த நர்ஸ் அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே குத்தியதாக அவருக்கு ஒரு சந்தேகம்.

பிறக்கும்போதே இப்படி இருந்தவர் இல்லை. முப்பது வயதில் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அதன் நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு யாருடைய ஓட்டை கார்புரேட்டரையோ மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போய்க் கேட்டதற்கு, "ஆறு மாசமா எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தானாம் மெக்கானிக். அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து தன் வண்டியில் இன்னொருவன் ஸ்பானர் வைக்க அவர் விட்டதில்லை. ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது, கேபிளுக்கு கிரீஸ் போடுவது எல்லாம் அவர் கையால்தான். நன்றாகவும் செய்வார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மோட்டார் சைக்கிள் ஓடி ஓடித் தேய்ந்த பிறகு ஒரு மூன்று சக்கர வண்டியை வாங்கினார். முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பெரிய தகரப் பெட்டி. ரிவர்ஸ் கியரும் உண்டு. இரண்டாம் கை வண்டிதான், ஆனால் நல்ல கண்டிஷன். விற்ற இடத்து மெக்கானிக், "மொதல் தடவ ஆயில் மாத்தும்போது கொண்டு வாங்கண்ணே, கூட இருந்து காட்டித் தர்றேன், இது கொஞ்சம் வேற மாதிரி" என்றான். எக்ஸ்ரே அவன் கையைப் பார்த்தார். கையில் ஸ்பானர் இருந்தது. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீடு மாடியில் இரண்டு அறை. கீழே ஷட்டர் போட்ட ஒரு கொட்டகை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. மாடி ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, ஓரம் கிழிந்த விரிப்புகளை மடித்துத் தைத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. கீழே சின்ன அறையில் மனைவியின் தம்பி இருந்தான். முப்பத்துநாலு வயது. வேலை பார்த்த தொழிற்சாலை மூடிப்போனதும் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன். பகலில் வண்டி எக்ஸ்ரேயிடம், சாயங்காலம் மச்சினனிடம். விடுதிகளின் பின்சந்துக்குள் வண்டியை ரிவர்ஸில் விட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவான். அதிகம் பேச மாட்டான். எதிலாவது மனம் ஒன்றிவிட்டால் மட்டும் விசிலடிப்பான்.

அவனுக்கு எக்ஸ்ரே வண்டியின் இரண்டாவது சாவியைக் கொடுத்திருந்தார். கொடுப்பதற்கு முழுசாக ஒரு மாதம் ஆனது, இருந்தாலும் கொடுத்தார். பெற்ற தகப்பன் உயிரோடு இருந்து கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். "மாப்ள" என்று அவனைக் கூப்பிடும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இளகும். மனைவி அதைக் கவனித்து வைத்திருந்தாள், வெளியில் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சந்தேகப்பட்டு நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி வாங்கி மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எக்ஸ்ரே ஆயில் மாற்ற உட்கார்ந்தார். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு (தொழில் ரகசியத்தை எட்டிப் பார்க்கத் தெருவே காத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைப்பு) பல்பைப் போட்டார். இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினார், சூட்டில்தான் ஆயில் முழுக்க இறங்கும். அட்டையை விரித்துப் படுத்தார். முன்சக்கரம் சுவரை முட்டிக்கொண்டு நின்றதால் பின்பக்கமாகத்தான் நுழைய முடிந்தது. பெட்டிக்கு அடியில் ஊர்ந்துபோய்க் கையை நீட்டினார். நடுவில் ஒரு போல்ட் கைக்குத் தட்டுப்பட்டது. பழைய வண்டியிலும் நடுவில்தான் இருக்கும். தட்டை அடியில் தள்ளிவிட்டு ஸ்பானர் போட்டுத் திருகினார்.

ஆயில் வந்தது. கெட்டியாக, ஒரு மாதிரி நாற்றத்தோடு வந்தது. கொஞ்ச நேரம் வந்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. அவர் விரலை விட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். அளவுக் குவளையில் ஊற்றினால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இந்த இஞ்சினுக்கு ஒரு லிட்டர். விற்றவன் சொன்னதை அவர் நம்பவில்லை. வேறு இரண்டு பேரிடமும் கேட்டு உறுதி செய்திருந்தார். அப்படியானால் மீதி முக்கால் லிட்டர் எங்கே? அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. படியடியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் கத்தரிக்கோலும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் தம்பி வண்டியில கை வெச்சானா?"

"ஓட்டுறவன் கை வெக்காம எப்படிங்க ஓட்டுவான்?"

"ஒரு லிட்டர் இருக்கணும். கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

"இஞ்சின் குடிச்சிருக்கும்."

"இஞ்சின் குடிச்சா புகை வரணும். புகை வரல. இது மனுஷன் குடிச்சது."

"ஆயிலை யாருங்க குடிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

எக்ஸ்ரே யோசித்தார். இறங்கியது வழக்கமான ஆயில் மாதிரியே இல்லை. நல்லதை எடுத்துவிட்டு ஏதோ மட்டமான சரக்கைக் கொஞ்சம் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்கினார். புது ஆயில் பாட்டிலைக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து, மூடியின் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, கடைசியில் உடைத்து, முழு ஒரு லிட்டரையும் இஞ்சினுக்குள் ஊற்றினார். காலி பாட்டிலை யாராவது எடுத்துப் போய்ப் போலி ஆயில் அடைத்து விற்றுவிடக் கூடாதே என்று அதன் அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டார். பிறகு அளவுக் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. அதுவும் பாதி கறுப்பாக.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரே குச்சியைச் சந்தேகப்பட்டார். "இது வேற வண்டிக் குச்சி. வித்தவன் மாத்திட்டான்." கறுப்புக்கு ஆயில் கடைக்காரர் பொறுப்பு.

திருட்டு நடந்திருக்கிறது, இனி நடக்கும். பிடிக்க ஒரு வழி வேண்டும். அவர் மாடிக்குப் போனார்.

"உன் நெயில் பாலிஷ் எங்க இருக்கு?"

மெஷின் நின்றது. இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் அவர் கேட்காத கேள்வி அது. அவளிடம் இருந்ததே ஒரு சிவப்பு பாட்டில்தான். மாதத்துக்கு ஒரு தடவை வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து போட்டுக்கொள்வாள்.

"எதுக்குங்க?"

"ஒரு ஆளைப் பிடிக்கணும்."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்து, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை நீளமாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். போல்ட்டை மயிரிழை திருகினாலும் கோடு உடைந்து விலகிவிடும். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

திங்கட்கிழமை காலை வண்டியைக் கிளப்பினால் பின்னால் ஒரே புகை. தெருமுனைப் பழக்கடைக்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு முறைத்தார். எக்ஸ்ரே நேராக ஆயில் கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை மச்சினன், "மாமா, வண்டி ரொம்பப் புகையுது. ரிவர்ஸ் போட்டா வேற கிரீச்சுனு ஒரு சத்தம். உள்ள ஏதோ காயுற மாதிரி இருக்கு. நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றான்.

"நீ ஒண்ணும் பாக்க வேணாம்."

"இல்ல மாமா, அப்படியே ஓட்டினா ரிவர்ஸ் பெட்டி போயிடும்."

எக்ஸ்ரே அவன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. அழுக்கு மூட்டை தூக்குகிறவனுக்கு நகக்கண் வெள்ளையாகவா இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தானே கெடுத்துவிட்டுத் தானே முந்திக்கொண்டு வந்து சொல்கிறான் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதும் நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. கடைக்காரரைச் சந்தேகப்பட்டால் வலிக்காது. இவனை நினைத்தபோது வலித்தது. அந்த வலியையே ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார், பாவம்.

தினமும் காலையில், மனைவியின் கைக்கண்ணாடியை வண்டிக்கு அடியில் நீட்டிக் கோட்டைப் பார்ப்பார். கோடு அப்படியே இருந்தது. புதன்கிழமை சீக்கிரமே வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்துவிட்டார். எழுந்தபோது மச்சினன் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

வியாழக்கிழமை காலை புகை இல்லை. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். சத்தமும் இல்லை. வண்டி வாங்கிய அன்றைக்கு ஓடியதுபோல ஓடியது. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எக்ஸ்ரே வண்டியை நிறுத்தி இறங்கினார். தானாகக் கெட்டது தானாகச் சரியாகாது. கண்ணாடியை நீட்டினார். கோடு இருக்கிறது. அளவுக் குச்சியை எடுத்தார். ஆயில் பொன்னிறத்தில், சரியாக மேல்கோட்டில் நின்றது. "குச்சியையும் மாத்திட்டான்" என்று முணுமுணுத்தார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கொட்டகையைத் தேடினார். அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால், சோப்புத்தூள் டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. உள்ளே ஆயில். குவளையில் அளந்தார். ஏறக்குறைய இரண்டு லிட்டர்.

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை காணாமல்போன முக்கால் லிட்டர். அவர் ஊற்றிய நல்ல ஒரு லிட்டர். அதற்குப் பதிலாக ஏதோ மட்டமானதை ஊற்றி வைத்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இதற்காகவே இருபது வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி வாழ்ந்த மனிதர், பிடித்ததும் சந்தோஷம் வராமல் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மச்சினன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். கேன் வண்டியின் சீட் மேல் இருந்தது. மனைவி தைத்த விரிப்புகளைக் கொடுக்கக் கீழே வந்து படியில் நின்றிருந்தாள்.

"இது என்ன?" என்று கேட்டார் எக்ஸ்ரே.

மச்சினன் கேனைப் பார்த்தான். பதறவில்லை. "நம்ம வண்டி ஆயில்தான் மாமா. நேத்து எடுத்தேன். உங்ககிட்ட தனியா சொல்லணும்னு இருந்தேன்."

"ஏன் எடுத்த?"

"அதிகமா இருந்துச்சு மாமா."

"அதிகமா இருந்துச்சா? ஞாயித்துக்கிழமை முக்கா லிட்டரைக் காணோம். புதன்கிழமை அதிகமா இருந்துச்சா?"

"அதைத்தான் சொல்ல வரேன். நீங்க அன்னைக்குக் கழட்டினது..."

"நான் கழட்டினதைப் பத்தி நீ பேசாத. நீ ஸ்கூலுக்குப் போகும்போதே நான் ஸ்பானர் பிடிச்சவன்." குரல் உயர்ந்துவிட்டது. திடீரென்று ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. கோடு உடையாமல் எப்படி எடுத்தான்? மனைவியின் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட இவன் நெயில் பாலிஷ் கேட்டானா?"

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"நேத்து மத்தியானம் கேட்டான். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. கொடுத்தேன்."

"பாத்தியா. திருகி எடுத்துட்டு, துடைச்சிட்டு, மறுபடி கோடு போட்டிருக்கான். எவ்வளவு மூளை பாரு."

"அது வேற எடத்துல போட்டேன் மாமா."

"வேற எங்க? உன் நகத்துலயா?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். "திருட்டுப்பய" என்று எக்ஸ்ரே சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கொட்டகை சின்னது.

சாவியைச் சீட்டின் மேல், கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மச்சினன் அறைக்குள் போனான். வந்தபோது கொண்டுவந்த அதே பையோடு வெளியே வந்தான். ஷட்டரைத் தாண்டும்போது நின்று, "அடியில படுத்து ஒரு தடவ நல்லா பாருங்க மாமா. கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போய்ப் பாருங்க" என்றான்.

எக்ஸ்ரே பார்க்கவில்லை. திருடன் காட்டுகிற இடத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த கொள்கை. அவன் முன்னால் பார் என்றால் விஷயம் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அன்றே கொட்டகைப் பூட்டை மாற்றினார்.

அதன்பிறகு பகல் ஓட்டம், சாயங்கால ஓட்டம் இரண்டும் அவர் தலையில். பின்சந்துகளில் ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்து சுளுக்கிக்கொண்டது. மச்சினன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு டைல்ஸ் கிடங்கில் ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். அவ்வளவு ஆயில் திருடியவன் ஆயில் கடை வைக்காமல் ஏன் மூட்டை தூக்குகிறான் என்ற கேள்வி ஒரு நாள் எட்டிப் பார்த்தது. அதை விரட்டிவிட்டார்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. மனைவி தம்பியின் பேரையே எடுப்பதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை நகத்துக்குச் சிவப்பு போடுவதையும் விட்டுவிட்டாள். சில நாள் அவள் போன் அடிக்கும். எடுத்துப் பார்ப்பாள், குப்புற வைத்துவிட்டுத் தைக்கத் தொடங்குவாள். தான் இல்லாத நேரத்தில் தம்பியோடு பேசுகிறாள், தன் எதிரில் நாடகம் ஆடுகிறாள் என்று எக்ஸ்ரே நினைத்தார். ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தார். தம்பியிடமிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் அவள் எடுத்திருக்கவில்லை. எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டு எடுக்காததை மட்டும் விட்டு வைத்திருக்கிறாள் என்று போனை இருந்த இடத்தில் வைத்தார்.

மூன்று மாதம் கழிந்து அடுத்த ஆயில் மாற்றம் வந்தது. அதே ஷட்டர், அதே அட்டை, அதே தட்டு. கண்ணாடியை நீட்டிக் கோட்டைப் பார்த்தார். மங்கியிருந்தது, உடையவில்லை. மூன்று மாதமாகச் சாவி அவர் இடுப்பில், பூட்டு புதுசு, வண்டியை ஓட்டியது அவர் ஒருவர்தான். இந்தத் தடவை ஒரு சொட்டுக் குறையாமல் ஒரு லிட்டர் இறங்கும் என்று போல்ட்டைக் கழற்றினார்.

கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கெட்டியாக, அதே நாற்றத்தோடு. நின்றுவிட்டது.

எக்ஸ்ரே அப்படியே படுத்துக் கிடந்தார். யாரைச் சந்தேகப்படுவது? மனதுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார். விற்றவன், கடைக்காரர், பழக்கடைக்காரர், கூடத்து ஆட்கள், மனைவி. ஒருவரும் ஒத்துவரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குற்றம் இருந்தது, ஆள் இல்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. முதுகில் அட்டை ஈரமாகிவிட்டது. "கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போய்ப் பாருங்க" என்ற குரல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வேறு வழியில்லாமல், குதிகாலை ஊன்றி, ஒரு முழம் முன்னால் நகர்ந்தார்.

அங்கே சேறு அப்பிய இன்னொரு போல்ட் இருந்தது. துணியால் துடைத்தார். சேறு போனதும் சிவப்பு தெரிந்தது. போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை நேராக ஒரு கோடு. அவர் போட்டது இல்லை. அவர் கோடு கொஞ்சம் கோணல். இது நேராக இருந்தது.

ஸ்பானர் போட்டார். கறுத்த ஆயில் தடதடவென்று கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அளக்கவே தேவையில்லை, ஆனாலும் அளந்தார். ஒரு லிட்டர்.

ஒவ்வொன்றாகப் புரிந்தது. முன்னால் இருப்பது இஞ்சின். அதை ஒட்டிப் பின்னால் இருப்பது ரிவர்ஸ் கியர் பெட்டி. அதற்குத் தனி ஆயில், தனி போல்ட். அன்றைக்கு அவர் கியர் பெட்டியைக் காலி செய்துவிட்டு, நிறைந்திருந்த இஞ்சினுக்குள் இன்னொரு லிட்டரை ஊற்றியிருக்கிறார். அதனால்தான் புகை, அதனால்தான் சத்தம். மச்சினன் இஞ்சினில் இருந்த இரண்டு லிட்டரையும் இறக்கிவிட்டு, தன் கைக்காசில் புது ஆயில் ஊற்றி, கியர் பெட்டியையும் மேல்வழியாக நிரப்பி, இதுதான் இஞ்சின் போல்ட் என்று அடையாளமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எக்ஸ்ரேக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை அது, உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு ஆயிலும் வாங்கிவந்து, இரண்டு இடத்திலும் சரியாக ஊற்றினார். கையைக் கழுவினார். மாடிக்குப் போகத் துணிவில்லை. நேராக டைல்ஸ் கிடங்குக்கு வண்டியை விட்டார்.

மச்சினன் தலைத்துண்டில் வெள்ளைத் தூசியோடு வெளியே வந்தான். அவரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். குனிந்து அடியிலும் ஒரு பார்வை பார்த்தான்.

"ரெண்டையும் மாத்தினீங்களா மாமா?"

"மாத்தினேன்."

"பின்னாடி கியர் பெட்டிக்குக் கெட்டி ஆயில்தானே?"

"ஆமா." எக்ஸ்ரே முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? அதுக்கு முன்னாடி நான்தான் தயங்கினேன். அக்கா எதிர்ல சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்னு. அடையாளம் போட்டு வெச்சா நீங்களே பாத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

எக்ஸ்ரே இடுப்பிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து நீட்டினார். மச்சினன் வாங்கவில்லை.

"அக்கா எதிர்லதான என்னைத் திருடன்னு சொன்னீங்க. இல்லைன்னும் அக்கா எதிர்லயே சொல்லுங்க. சாவி அப்புறம் பாக்கலாம்."

"அதுக்கென்ன, வா. உங்க அக்கா அதை நம்பியிருக்கவே மாட்டா."

மச்சினன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். "மூணு மாசமா அக்கா என் போனை எடுக்கல மாமா" என்றான்.

வண்டியை அவன் ஓட்டினான். எக்ஸ்ரே பின்னால் பெட்டிக்குள், காலி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். சொந்த வண்டியில் இன்னொருவன் ஓட்ட அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையில் சாவியை இறுகப் பிடித்திருந்தார்.

தெருவுக்கு வந்ததும் அவர் இறங்கி மாடிப்படி ஏறினார். மனைவி மெஷினில் இருந்தாள். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோனது.

"உன் தம்பி திருடல" என்றார். "நான்தான் வேற போல்ட்டைக் கழட்டிட்டேன். அவன் அதைச் சரி பண்ணியிருக்கான். நெயில் பாலிஷ் கேட்டது எனக்கு அடையாளம் காட்ட."

அவள் கால் மிதியிலேயே நின்றது. விரிப்பு ஊசியில் குத்தியபடி இருந்தது.

"பேப்பர்காரர், பழக்கடைக்காரர், கீழ்த்தெரு டெய்லர்" என்றாள். "இருபத்தாறு வருஷத்துல எத்தனை பேரைச் சொல்லியிருக்கீங்க. ஒருத்தரைப் பத்தியும் நீங்க சொன்னதை நான் நம்பினதில்லங்க. இவரு இப்படித்தான்னு விட்டுடுவேன். இவனைப் பத்திச் சொன்னதை மட்டும்தான் நம்பிட்டேன். நெயில் பாலிஷ் என் கையால கொடுத்தேனே, அதனால நம்பிட்டேன்."

அவள் அழவில்லை. எக்ஸ்ரே அவள் கையைப் பார்த்தார். நகங்கள் வெறுமையாக இருந்தன. விரல்கள் ஊசியிலிருந்து விரிப்பை மெதுவாக விடுவித்துக்கொண்டிருந்தன.

கீழே மச்சினன் வண்டியை ரிவர்ஸில் கொட்டகைக்குள் விட்டுக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. அவள் எழுந்தாள். அவரைத் தாண்டிப் படியில் இறங்கினாள், பாதியில் நின்றாள், மறுபடி இறங்கினாள். தம்பியிடம் என்ன சொன்னாள் என்று மேலே கேட்கவில்லை. எட்டிப் பார்க்க ஜன்னல் இருந்தது. எக்ஸ்ரே பார்க்கவில்லை. இரண்டாவது சாவியை மெஷினின் மேல், அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.